செம்புக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும்

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் இங்கிலாந்து மக்கள் வீட்டைச் சூடாக்கும் வேலையில் கருத்தூன்றுவர். பண்டு அவர்கள் அறைதோறும் கணப்பு அமைத்து நிலக்கரி எரித்தனர். புகையும் சாம்பலும் வீட்டை நிறைத்தன. கணப்பின் முன் அமர்ந்தவனுக்கு முகம் காய்ந்தது, முதுகு குளிர்ந்தது. 1965ஆம் ஆண்டில் வடகடலின் பிரிட்டிஷ் பகுதியில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. அவ்வாயு குழாய்வழியே ஊர்தோறும் வந்தபின் நிலக்கரிக் கணப்பு சிறிது சிறிதாக மறைந்தது.

இப்பொழுது அந்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் ஒன்று சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். அதில் சூடேறிய நீரை ஒரு சிறு பம்பு உந்தித் தள்ளும். நீர் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் சென்று, ரேடியேட்டர் எனப்படும் தட்டையான எஃகுக் கலங்களில் தன் வெப்பத்தை விட்டுவிட்டு, மீண்டும் கொதிகலனுக்கே திரும்பும். இக்குழாய்களைச் செம்பினால் அமைப்பதா, பிளாஸ்டிக்கினால் அமைப்பதா என்பது வீட்டுக்காரர் பலரை மயங்கவைக்கும் வினாவாகும். செம்பே சிறந்தது என்று முதிய தொழிலாளர் கூறுவர். பிளாஸ்டிக்கே எளிது என்று இளையோர் கூறுவர். எப்பொருள் சிறந்தது என்று கேட்பதைவிட, எவ்விடத்துக்கு எப்பொருள் ஏற்றது என்று கேட்பதே தக்கது.

முதலில் கொதிகலனை அடுத்துள்ள இடத்தைக் காண்போர்க்குச் செம்பின் அருமை விளங்கும். நீர் வழக்கமாக 70 அல்லது 80 டிகிரி சூட்டில் வெளிவரும். பம்பு திடீரென நின்றுவிடின், கலனில் தேங்கிய வெப்பம் அங்குள்ள நீரை அதனினும் மிகுதியாகச் சூடேற்றும். செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி வெப்பம் வேண்டும்; ஆதலின் அதற்கு யாதொரு கேடும் இல்லை. பிளாஸ்டிக்கோ கொதிநிலையை நெருங்கும்பொழுதே வலிமை குன்றத் தொடங்கும். எனவே, கலனிலிருந்து ஒரு மீட்டர் தொலைவுக்காவது செம்பையே அமைக்கவேண்டும் என்று கொதிகலன் செய்வோர் பலர் அறிவுறுத்துகின்றனர். அழுத்தம் மிகும்பொழுது வெந்நீரை வெளியேற்றும் காப்புக்குழாயும் செம்பாகவே இருத்தல் வேண்டும். அது நெகிழ்ந்து வளைந்தால், கொதிநீர் எவர்மேல் தெறிக்கும் என்று கூறமுடியாது.

எரிவாயுவைக் கொணரும் குழாயைப் பற்றி வாதத்துக்கே இடமில்லை. தெருவில் மண்ணுக்கடியில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் குழாயில் வாயு வருவது உண்மையே. ஆனால், வீட்டினுள் வெந்நீருக்கென விற்கும் பிளாஸ்டிக் குழாயை வாயுவுக்கு இடுதல் கூடவே கூடாது. வீட்டில் தீப்பற்றினால் அக்குழாய் உருகும். உள்ளிருந்த வாயு தீக்கு இரையாகிக் குடும்பத்தையே அழிக்கும். இவ்வேலையைப் பதிவுபெற்ற தொழிலாளரே செய்யவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதிக்கிறது.

மரத்தளத்தின் கீழே செல்லும் நீண்ட குழாய்களில் பிளாஸ்டிக்கின் கை ஓங்குகிறது. செம்புக் குழாய் நேரான துண்டுகளாக வருவதால், விட்டங்களினூடே அதனை நுழைப்பது அரிது. இடையிடையே இணைப்புகள் வேண்டும். அவற்றைப் பற்றாசு உருக்கி இணைக்க, காய்ந்த மரத்தின் அருகே சுடர்விளக்கை ஏந்தவேண்டும். அவ்விளக்கின் பொறியால் தீப்பற்றிய வீடுகளும் உண்டு. பிளாஸ்டிக் குழாயோ சுருளாக வரும். கயிறுபோல் வளைந்து துளைகளில் நுழையும். தீயே வேண்டாமல் இணைப்புக்குள் அழுத்தினால் பொருந்திவிடும். அழுத்துமுன் குழாயின் முனையில் சிறு உட்குழல் ஒன்றைச் செருகவேண்டும். அதனை மறந்தவர் பின்னர்த் தளத்தைப் பெயர்த்து ஒழுக்கைத் தேடுவர்.

வெப்பத்தால் பொருள்கள் விரிவடைகின்றன அல்லவா? 10 மீட்டர் நீளமுள்ள செம்புக் குழாய் 60 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளும். பிளாஸ்டிக் குழாயோ அதேயளவு சூட்டில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நீளும். சிலவகை அதனினும் மிகும். கண்ணுக்குத் தெரியுமாறு சுவரில் ஓடும் பிளாஸ்டிக் குழாய் நாளடைவில் தொய்ந்து அழகு கெடுவது இதனாலேயே. செம்பு சிறிதே நீண்டாலும் மரத்தோடு உராய்ந்து, விடியற்காலையில் கொதிகலன் எரியத் தொடங்கியதும் ‘டிக், டிக்’ என ஒலித்து உறங்குவோரை எழுப்பும்.

பிளாஸ்டிக்கில் மற்றொரு குறையும் உண்டு. நீர் கசியாத அதன் சுவரினூடே காற்றிலுள்ள பிராணவாயு மெல்ல மெல்ல உட்புகும். அது நீரில் கலந்து எஃகு ரேடியேட்டர்களை அரித்துக் கருநிறச் சேறாக்கும். அச்சேறு கொதிகலனின் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். பழைய குழாய்களால் பல வீடுகள் இத்துன்பத்தை அடைந்தன. பின்னர் வந்த குழாய்களில் பிராணவாயுவைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று சேர்க்கப்பட்டது. படலம் இல்லாத மலிவான குழாயை வாங்குவது, குழாயில் மிச்சம் பிடித்துக் கொதிகலனை இழப்பதாகும்.

இனி, செம்பு சிறிதும் ஆகாத இடம் ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் பொருத்தப்படும் கொதிகலன்கள், சில விலக்குகள் நீங்கலாக, புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து அதன் வெப்பத்தைப் பெறுவன. அவ்வாறு திரண்ட நீர் புளிப்புத்தன்மை உடையது, செம்பை அரித்துவிடும். ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தல் ஆகாது என்பதைத் தமிழ்நாட்டு மூதாட்டியர் நன்கறிவர். அதே காரணமே இங்கும். ஆதலின் அந்நீரை வெளியேற்றும் குழாய் பிளாஸ்டிக்காகவே இருக்கும்.

2010ஆம் ஆண்டு டிசம்பரில் கடுங்குளிர் வந்தபொழுது, இக்குழாயே பலரைத் தவிக்கவிட்டது. வீட்டின் வெளிச்சுவரில் மெல்லியதாக ஓடிய குழாயில் துளித்துளியாக வந்த நீர் உறைந்து வழியை அடைத்தது. கொதிகலன்கள் தாமே நின்றன. வெப்பம் மிக வேண்டிய நாளில் வீடுகள் குளிர்ந்தன. வெதுவெதுப்பான நீரைக் குழாயின்மேல் ஊற்றிய பின்னரே பனி உருகிக் கொதிகலன் மீண்டும் எரிந்தது. வெளியே செல்லும் பகுதிக்கு 32 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயை இட்டு, அதன்மேல் குளிர் தாக்காத உறையைச் சுற்றவேண்டும் என்று தொழிலாளர்க்கு இப்பொழுது அறிவுறுத்தப்படுகிறது.