பழைய லாரிக்கு எந்த எஞ்சின்?

அமெரிக்காவில் ஒரு பண்ணை வீடு. அதன் பின்னால் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பழைய லாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அது, போர்டு கம்பெனி 1953-ம் ஆண்டு செய்த "எப்-100" என்ற சிறிய லாரி. தாத்தா வாங்கியது. சோளமும் வைக்கோலும் சுமந்த வண்டி. இப்போது எஞ்சின் ஓடவில்லை. டயர்களில் காற்று இல்லை. ஆனால் உடம்பு மட்டும் உறுதியாக இருக்கிறது.

பேரன் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.

"அப்பா, இதை ஓட வைக்கப் போகிறேன். சும்மா அல்ல, பறக்க வைக்கப் போகிறேன்!" என்கிறான்.

"சரி, எந்த எஞ்சினைப் போடப் போகிறாய்?" என்று கேட்கிறார், தந்தை.

அங்கேதான் குழப்பம் ஆரம்பம்!

இப்படிப்பட்ட கொட்டகைகள் அமெரிக்காவில் ஏராளம். பழைய வண்டியின் உடம்பை வைத்துக்கொண்டு, அதில் வேகமான எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவதில் அங்கே பலருக்கு அலாதி ஆசை. அப்படி மாற்றிய வண்டிக்கு "ஹாட் ராட்" என்று பெயர்.

வற்றிய ஏரியில் பந்தயம்

இந்த ஆசை வளர்ந்த இடம், கலிபோர்னியா. அங்கே தண்ணீர் வற்றிப்போன பெரிய ஏரிகள் உண்டு. தரை தட்டையாகவும், கெட்டியாகவும் இருக்கும்.

1930-களில் இளைஞர்கள் அங்கே பந்தயம் விட்டார்கள். புது வண்டி வாங்கப் பணம் இல்லை. பழைய காரை வாங்கினார்கள். வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்தார்கள். எடை குறைந்தது, வேகம் கூடியது!

அவர்களுக்குக் கை கொடுத்தவர், ஹென்றி போர்டு. 1932-ல், தமது 68-வது வயதில், அவர் மலிவான காரில் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்து விற்றார். இந்தப் பக்கம் நான்கு சிலிண்டர். அந்தப் பக்கம் நான்கு. அவை "வி" என்ற ஆங்கில எழுத்தைப் போல சாய்ந்து நின்றன. ஆகவே அதற்கு "வி-8" என்று பெயர். அதன் சக்தி, 65 குதிரை.

1955-ல் செவர்லே கம்பெனியும் ஒரு வி-8 எஞ்சினைக் கொண்டு வந்தது. அளவில் சிறியது. ஆனால் சக்தியோ 162 குதிரை! ஹாட் ராட்காரர்கள் அதை விழுந்து விழுந்து வாங்கினார்கள்.

நான்கு வழிகள்

கொட்டகையில் நிற்கும் பேரனுக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: தாத்தாவின் எஞ்சினையே பழுது பார்ப்பது. அதுவும் ஹென்றி போர்டின் வி-8 பரம்பரைதான். சக்தி சுமார் 100 குதிரை. அமெரிக்காவில் அந்தப் பழைய வி-8 எஞ்சினுடன் போர்டு வண்டிகள் வந்த கடைசி ஆண்டு 1953. அதன் சத்தத்துக்கே ரசிகர்கள் உண்டு. ஆனால் ஒரு குறை. புகை வெளியேறும் பாதை எஞ்சினின் உடம்புக்குள்ளேயே வளைந்து போகிறது. அதனால் சீக்கிரம் சூடாகிவிடும்.

இரண்டாவது வழி: செவர்லே "350". சாமான்கள் சுலபமாகக் கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அதிகம். ஆனால், சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் "டிஸ்டிரிபியூட்டர்" அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. பழைய போர்டு வண்டியில் வைக்கும்போது, அது டிரைவர் அறையின் முன்சுவரில் இடிக்கக்கூடும். அளந்து பார்க்காமல் வாங்கினால், சுவரை வெட்ட வேண்டி வரும்!

மூன்றாவது வழி: போர்டு கம்பெனியே 1968-ல் கொண்டு வந்த "302". இதில் டிஸ்டிரிபியூட்டர் முன்பக்கம் இருக்கிறது, சுவரில் இடிக்காது. போர்டு வண்டிக்குப் போர்டு எஞ்சின் என்ற பெருமையும் உண்டு.

நான்காவது வழி: 1997-ல் செவர்லே "கார்வெட்" காரில் வந்த "எல்.எஸ்." வகை எஞ்சின். அதே வகையைச் சேர்ந்த 5.3 லிட்டர் எஞ்சின் பல லாரிகளில் வந்தது. உடைந்துபோன லாரிகளில் இருந்து அதைக் கழற்றி வாங்கலாம். சக்தி சுமார் 300 குதிரை! ஆனால் அதை நடத்துவது கம்ப்யூட்டர். அதற்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். தாத்தாவின் லாரியில் இருப்பதோ 6 வோல்ட்! ஒயர்கள், பெட்ரோல் பம்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இவை போதாது என்று மின்சார மோட்டாரும் வந்துவிட்டது. 1978-ம் ஆண்டு எப்-100 லாரி ஒன்றில் இரண்டு மின்சார மோட்டார்களைப் பொருத்தி, 2021-ல் போர்டு கம்பெனியே காட்டியது. சக்தி 480 குதிரை!

ஓடும்... நிற்குமா?

பேரன் கண்ணுக்கு 300 குதிரைதான் தெரிகிறது. தந்தை ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்:

"ஓடும், சரி. நிற்குமா?"

மிக நல்ல கேள்வி!

வண்டியின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அதை நிறுத்த பிரேக் செய்ய வேண்டிய வேலை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் லாரியை நிறுத்துவது வேறு. 60 மைல் வேகத்தில் நிறுத்துவது வேறு.

பழைய லாரியின் பிரேக், பண்ணைச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்காகச் செய்தது. நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் போவது ஒரே இடத்தில் இருந்துதான். எங்காவது ஒரு குழாய் உடைந்தால், நான்கு பிரேக்குகளும் போய்விடும்! பிற்காலத்து வண்டிகளில் இதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும்.

பிரேக் மட்டும் அல்ல. சக்தி கூடினால் சூடும் கூடும். ரேடியேட்டர் தாங்க வேண்டும். கியர் பெட்டி தாங்க வேண்டும். பின் அச்சு தாங்க வேண்டும். எஞ்சின் வாங்கியதோடு செலவு முடிந்தது என்று நினைப்பவர்களின் லாரிதான், பாதி வேலையில் வருஷக்கணக்கில் கொட்டகையிலேயே நிற்கும்!

எதற்காக இந்த வண்டி?

ஆகவே, எஞ்சினைத் தேடுவதற்கு முன்பு, ஒரு காகிதத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும்.

வண்டி எதற்கு? கையில் பணம் எவ்வளவு? எஞ்சின் வைக்கும் இடத்தின் நீளம், அகலம், உயரம் என்ன?

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஊரைச் சுற்றிவர, தாத்தாவின் எஞ்சினே போதும். நெடுஞ்சாலையில் தினமும் ஓட்ட வேண்டுமானால், 302 அல்லது 350 நல்லது. நீண்ட தூரம் போக வேண்டும், செலவுக்கும் அஞ்சவில்லை என்றால், எல்.எஸ். இருக்கிறது. ஆனால் எதை எடுத்தாலும், பணத்தில் முதல் பங்கு பிரேக்குக்கு!

பேரன் யோசிக்கிறான். காகிதத்தை எடுக்கிறான். "300 குதிரை" என்று எழுதியிருந்ததை அடிக்கிறான். முதல் வரியில் "பிரேக்" என்று எழுதுகிறான். இரண்டாவது வரியில் "302" என்று எழுதுகிறான்.

"தாத்தாவின் எஞ்சினை என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறார், தந்தை.

"துடைத்து, எண்ணெய் போட்டு, மூலையில் பத்திரமாக வைப்பேன். என் மகனுக்கு அதுதான் வேண்டும் என்று தோன்றலாம், அல்லவா?"

தந்தை சிரிக்கிறார். ஸ்பானரை எடுத்து மகன் கையில் கொடுக்கிறார்.