பாயிண்ட் 22 ரைபிளின் கட்டையும் துணைக்கருவிகளும்

0.22 அங்குல (ஏறத்தாழ 5.6 மி.மீ.) விட்டமுள்ள தோட்டாவைச் சுடும், தோளில் அணைத்துப் பிடிக்கும் துப்பாக்கியே பாயிண்ட் 22 ரைபிள் ஆகும். தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள் பலர் முதன்முதலில் கையில் எடுத்ததும் இதுவே. இதில் பெரிதும் பயன்படும் 'லாங் ரைபிள்' தோட்டா 1887இல் அமெரிக்காவில் அறிமுகமானது. அதன் குண்டு வழக்கமாக 2.6 கிராம் எடையே இருக்கும். எனவே பின்னுதைப்பு மிகக் குறைவு. உதைப்பு இல்லாதபோது கட்டை எப்படி இருந்தால் என்ன என்று பலர் எண்ணுகின்றனர். பொருந்தாத கட்டை தோளை வலிக்கச் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் குறியைத் தவறச் செய்யும்.

கட்டையின் நீளம்

விசையின் முன்புறத்திலிருந்து கட்டையின் பின்முனை நடுப்பகுதி வரை உள்ள தொலைவே கட்டையின் நீளமாகக் கொள்ளப்படுகிறது. தோராயமாக அளக்க ஒரு பழைய வழி உண்டு. துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, முழங்கையைச் செங்கோணமாக மடித்து அதன் உள்மடிப்பில் கட்டையின் பின்முனையை வைக்க வேண்டும். சுட்டுவிரலின் நுனிக்கணு விசையை எட்டினால் நீளம் ஏறக்குறையச் சரி. கட்டை நீளமாக இருந்தால் சுடுபவர் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, துப்பாக்கியின் எடையை முன்கையால் தூக்கிக்கொண்டு நிற்பார். சில நிமிடங்களில் கை நடுங்கத் தொடங்கும். பயிற்சியில் இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது எளிது, கட்டையை மாற்றுவதுதான் தீர்வு.

இராணுவங்கள் இதை முன்பே அறிந்திருந்தன. பிரித்தானியரின் லீ என்ஃபீல்டு ரைபிளுக்கு நெட்டை, நடுத்தரம், குட்டை எனப் பின்கட்டைகள் அரை அங்குல வித்தியாசத்தில் செய்யப்பட்டன. முதல் உலகப் போரின்போது அதனினும் குட்டையான 'பேண்டம்' கட்டையும் சேர்ந்தது.

இரு வகைக் குட்டைக் கட்டைகள்

கடையில் 'காம்பாக்ட்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று சிறிய உடலுக்கானது, மற்றது சிறிய பைக்கானது. இவற்றைக் குழப்பிக்கொள்வதே வாங்குவோர் செய்யும் பெரிய தவறு.

முதல் வகைக்கு 1964இல் வெளிவந்த அமெரிக்க 'ரூகர் 10/22' நல்ல எடுத்துக்காட்டு. அதன் வழக்கமான கார்பைன் கட்டை 13.5 அங்குலம், காம்பாக்ட் வடிவில் 12.75 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றலாம், குட்டையான கை உடையவருக்கு அதுவே போதுமான மாற்றம்.

இரண்டாம் வகைக்கு 1959இல் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த 'ஏஆர்-7' சான்று. குழல், இயங்குபகுதி, மேகசின் எல்லாவற்றையும் கழற்றி உள்ளீடற்ற கட்டைக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். மூடிய நீளம் ஏறத்தாழ 42 செ.மீ.; நீரில் மிதக்கும். 1963இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் இதைப் பார்க்கலாம். ஆனால் குழலையும் உள்ளே அடக்க வேண்டியிருப்பதால் கட்டை தடித்துப்போய்க் கன்னம் இயல்பாகப் பொருந்துவதில்லை. மடக்குக் கம்பிக் கட்டைகளிலோ கன்னம் வைக்கவே இடமிருக்காது. முகாமுக்குக் கொண்டுபோக இவை வசதி. இலக்குப் பயிற்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துணைக்கருவிகள்

தொலைநோக்கி துப்பாக்கியில் பொருத்தியுள்ள சாதாரணக் குறிகாட்டிகளைவிட உயரத்தில் அமர்கிறது. கட்டையின் கன்னப்பகுதி தாழ்வாக இருந்தால் தலையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கண் வேறிடத்தில் நிற்கும். இதற்குக் கன்னமேடு ஒன்றைப் பொருத்தினால் போதும். அடுத்து, அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறுவதுபோல இங்கும் இடமாறு தோற்றப் பிழை உண்டு. பெரிய ரைபிள்களுக்கான தொலைநோக்கிகள் பொதுவாக 100 கெஜம் அல்லது அதற்கு மேற்பட்ட தொலைவில் இப்பிழை இல்லாதவாறு அமைக்கப்படுகின்றன. பாயிண்ட் 22க்கு உரியவை பெரும்பாலும் 50 கெஜத்துக்கு அமைந்தவை. விலை கூடியது என்பதற்காக முதல் வகையை வாங்கினால் கிட்டிய இலக்கில் பிழைதான் கூடும்.

குழல் தனியாகக் கழலும் ரைபிள்களில் (2012இல் வந்த 10/22 டேக்டவுன் போன்றவை) தொலைநோக்கி இயங்குபகுதியில் இருக்கும். மீண்டும் மாட்டும்போது குழல் அதே நிலையில் அமர்ந்ததா என்று சுட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தோள்வாரைக் குழலில் மாட்டாமல் கட்டையில் மாட்டுவது நல்லது; இழுபடும்போது குழல் சற்றே வளைந்தாலும் குண்டு விலகும். இருகால் தாங்கியும் அப்படித்தான்: மெல்லிய நெகிழிக் கட்டையில் அதைப் பொருத்தி அழுத்தினால் கட்டை நெளிந்து குழலைத் தொடும்.

சட்ட வரம்பு

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் அது பதிவுசெய்ய வேண்டிய தனி வகையாகிவிடும். குட்டைக் கட்டை வாங்குவோர் முதலில் நாடாவால் முழு நீளத்தையும் அளந்து பார்ப்பது இதற்காகவே. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் பாயிண்ட் 22 ரைபிள் வைத்திருக்கவும் உரிமம் கட்டாயம்.