தாத்தா சாய்ந்து நிற்கும் கார்

பழைய குடும்பப் படங்களின் காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

பழைய குடும்ப ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு காராவது கண்ணில் படும். மாப்பிள்ளை அழைப்புக்குப் பூச்சரம் கட்டி வந்து நின்ற கார். புது வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த அன்று எடுத்த படம். கொடைக்கானல் மலைப்பாதையில் எஞ்சின் சூடாகி நின்ற இடத்தில், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்த படம். யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லிவிடுவார். எந்த வருஷம் என்று கேட்டால்தான் தடுமாற்றம். "சுதந்திரத்துக்கு முன்னாடி இருக்கும்", "பெரியவன் அப்போ பொறக்கலை" என்ற அளவோடு பேச்சு நின்றுவிடும்.

அதற்கு விடை படத்துக்குள்ளேயே நிற்கிறது. வேட்டியும் புடவையும் வீட்டுத் திண்ணையும் இருபது ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடுவதில்லை. கார் மாறிக்கொண்டே இருந்தது. விற்பனைக்காகக் கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில சமயம் ஆண்டுதோறும், கிரில்லையும் விளக்கையும் பம்பரையும் மாற்றின. எது எப்போது மாறியது என்பதற்கு அச்சில் பதிவு இருக்கிறது. படத்தில் உள்ள மற்ற எதற்கும் இவ்வளவு துல்லியமான பிறந்த தேதி கிடையாது.

சக்கரத்தில் தொடங்குங்கள்

முழுக் காரும் தெரியும் படங்கள் குறைவு. பாதி வண்டியை ஆட்கள் மறைத்திருப்பார்கள். ஒரு மட்கார்டும் ஒரு சக்கரமும் தெரிந்தாலே வேலையைத் தொடங்கலாம்.

மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி தடித்த மரக் கட்டைகள் கொண்ட சக்கரம் என்றால் பெரும்பாலும் 1920-களோ அதற்கு முந்தைய காலமோ. சைக்கிள் சக்கரத்தில் உள்ளதுபோல மெல்லிய கம்பிகள் என்றால் 1920-களின் பின்பகுதியும் 1930-களின் முற்பகுதியும். தகட்டில் அடித்த சக்கரமும் அதன் நடுவே பளபளக்கும் ஹப் கேப்பும் 1930-களின் நடுவிலிருந்து பரவலாகின.

அடுத்து ஹெட்லைட். 1930-களின் நடுப்பகுதி வரை அவை தனிக் கிண்ணங்களாக ரேடியேட்டரின் இரு பக்கமும் நின்றன. பிறகு மெல்ல மெல்ல மட்கார்டுக்குள் புதைந்தன. 1937-ஆம் ஆண்டு ஃபோர்டில் விளக்குகள் மட்கார்டோடு இணைந்துவிட்டன. 1940-களில் அதுவே பொது வழக்கமானது.

முன்கண்ணாடி செங்குத்தான ஒற்றைத் தகடாக இருந்தால் காலம் பழையது. நடுவில் ஒரு கம்பியோடு இரண்டு துண்டாக இருந்தால் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1950-களின் தொடக்கம் வரை வரலாம். வளைந்த ஒற்றைக் கண்ணாடி அதற்கும் பிந்தியது. கதவுக்குக் கீழே ஏறி நிற்க அகலமான ஃபுட்போர்டு இருந்தால் பெரும்பாலும் 1940-களைத் தாண்டாது. நம் தாத்தாக்களில் பலர் ஒரு காலைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டது அந்தப் பலகையில்தான்.

துணிக் கூரை போட்ட திறந்த கார்களை வைத்து மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. அமெரிக்காவில் 1920-களின் இறுதிக்குள் மூடிய கார்கள் ஆதிக்கம் பெற்றன. நம் வெயிலுக்குத் திறந்த வண்டி வசதி என்பதால் இங்கே அவை பின்னாலும் ஓடின.

மூக்கில் இருக்கும் முத்திரை

கம்பெனியின் பெயரைக் கண்டுபிடிக்க பானெட்டின் நுனியைப் பாருங்கள். பாய்மரக் கப்பல் இருந்தால் பிளிமத். செவ்விந்தியரின் தலை பான்டியாக். கொம்பு முறுக்கிய ஆட்டுக்கடா டாட்ஜ். 'போ டை' வடிவச் சின்னம் செவர்லே. ஆற்றைக் கடக்கும் எருது மோரிஸ். இறக்கை முளைத்த ஆங்கில 'ஏ' எழுத்து போருக்குப் பிந்தைய ஆஸ்டின்.

நம் படங்களில் அடிக்கடி தட்டுப்படும் பழைய வண்டி ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரானது. அதன் ரேடியேட்டர் கூடு 1916 மாடல் வரை பித்தளை, 1917 மாடலிலிருந்து கறுப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 'அமெரிக்க வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம் எப்படி?' என்று குழம்ப வேண்டாம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெரும்பகுதிக்கு ஃபோர்டு கார்கள் கனடாவிலிருந்துதான் வந்தன. அங்கே வலப்பக்க ஸ்டியரிங்கோடு அவற்றைத் தயாரித்தார்கள்.

மோரிஸ் மைனர் இன்னும் சுலபம். 1948-இல் அறிமுகமானபோது அதன் ஹெட்லைட்டுகள் தாழ்வாக, கிரில்லை ஒட்டி இருந்தன. 1951 தொடக்கத்துக்குள் எல்லா மாடல்களிலும் மட்கார்டின் மேல் ஏறிவிட்டன. 1956 வரை முன்கண்ணாடி இரண்டு துண்டு, அந்த ஆண்டு வந்த மைனர் 1000-இல் ஒற்றைக் கண்ணாடி. ஆக, இங்கிலாந்திலிருந்து வந்த மைனர் ஒன்றில் விளக்கு மேலேயும் கண்ணாடி இரண்டு துண்டாகவும் இருந்தால், வண்டி தயாரான காலம் ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

போரும் அரசாணையும் போட்ட கோடுகள்

இரண்டாம் உலகப் போர் ஒரு தெளிவான கோட்டைப் போடுகிறது. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் சொந்த உபயோகக் கார் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. போர் முடியும் கட்டத்தில்தான் மீண்டும் தொடங்கியது. '1944 செவர்லே' என்று யாராவது சொன்னால் மறுபடியும் பாருங்கள். போர்க்காலப் பெட்ரோல் பங்கீட்டினால் கரிவாயுவில் வண்டி ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனமே அதற்கான கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. காரின் பின்னாலோ பஸ்ஸின் பின்னாலோ உருளை அடுப்பு மாதிரி ஒன்று நின்றால் அந்தப் படம் 1940-களின் முதல் பாதியைச் சேர்ந்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

போருக்குப் பின் விற்கப்பட்ட ராணுவ ஜீப்புகளும் நம் படங்களில் உண்டு. முன்பக்கம் ஒன்பது பிளவுகள் என்றால் ராணுவ ஜீப். 1945 முதல் பொதுமக்களுக்காக வந்த வில்லிஸ் ஜீப்பில் பிளவுகள் ஏழு.

இரண்டாவது கோடு 1953. இந்தியாவிலேயே படிப்படியாகக் காரைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று அரசு முடிவெடுத்தது. 1928 முதல் பம்பாயில் செவர்லேயைப் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டு கம்பெனியும் வெளியேறின. அதன்பின் நம் தெருக்களில் புதிதாக வந்தவை பெரும்பாலும் மூன்று குடும்பத்து வண்டிகள்தான். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட்.

இந்துஸ்தான் லேண்ட்மாஸ்டர் 1954-இல் வந்தது. 1957 வாக்கில் வந்த அம்பாசிடரில் பின்பக்கம் சிறு வால் இறக்கைகள் முளைத்தன. 1963-இல் வந்த மார்க் 2-இல் கிரில் நெருக்கமான கட்டம் போட்டது. மார்க் 3 வந்தது 1975-இல், மார்க் 4 வந்தது 1979-இல். பிரீமியர் 1954 முதல் ஃபியட் 1100-ஐத் தயாரித்தது. அதன் ஆரம்பகால வண்டிகளில் முன்கதவுகளின் கீல் பின்பக்கம் இருக்கும், கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். அந்த வரிசையின் பிந்தைய மாடலுக்கு 1974-இல் பத்மினி என்று பெயர் வந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1961-இல் இரண்டு கதவுகளோடு வந்தது, நான்கு கதவு பிறகுதான். அதற்கு முன், 1940-களின் இறுதியில், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 பூட்டிய அசோக் மோட்டார்ஸ்தான் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது.

நம்பர் பிளேட் சொல்லும் ஊர்

எண் தெரிந்தால் அதிர்ஷ்டம். மதராஸ் நகரின் தொடக்ககாலக் கார்களில் 'எம்.சி.' என்று இருக்கும். பிறகு 'எம்.எஸ்.', 'எம்.டி.' என்று தொடங்கும் வரிசைகள். காமராஜர் பயன்படுத்திய கார் எம்.டி.டி. 2727. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆன பிறகு 'டி' முதலெழுத்தானது. எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டி.எம்.எக்ஸ். 4777. 'டி.என்.01' என்ற இன்றைய முறை 1989-இல் வந்தது.

எண்ணைப் பார்த்து, படம் கடல் கடந்து எடுக்கப்பட்டதா என்றும் அறியலாம். சிங்கப்பூருக்கு 'எஸ்', பினாங்குக்கு 'பி'. இலங்கைக் கார்களில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த ஈரெழுத்துகள் இருந்தன: சி.இ., சி.எல்., சி.என்., இ.எல்., இ.ஒய். போன்றவை. 1957 ஜனவரியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கொண்டுவரப்பட்டது. தமிழர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள், தார் பூசி அழித்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பப் படத்தில் அந்த எழுத்து இருப்பதும் இல்லாததும் காலத்தோடு அரசியலையும் சொல்லும். அதே யாழ்ப்பாணத்தில் ஆஸ்டினும் மோரிஸ் மைனரும் 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. நாற்பது வயது வண்டி அங்கே அன்றாட வாகனமாக இருந்தது.

அவசரப்பட வேண்டாம்

யாழ்ப்பாணத்து வண்டிகள் ஒரு முக்கியமான பாடத்தையும் தருகின்றன. காரின் ஆண்டு வேறு, படத்தின் ஆண்டு வேறு. 'இந்தப் படம் இந்த ஆண்டுக்கு முன்னால் எடுத்திருக்க முடியாது' என்பதை மட்டுமே கார் சொல்லும். இரண்டாம் கையாக வாங்கிய வண்டியை இருபது முப்பது ஆண்டு ஓட்டிய குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். மறுபக்க எல்லையை மனிதர்கள்தான் தர வேண்டும். இடுப்பில் இருக்கும் குழந்தை பிறந்த ஆண்டு, படத்தில் உயிரோடு நிற்கும் கொள்ளுப்பாட்டி காலமான ஆண்டு, அக்கா கழுத்தில் தாலி ஏறியதா இல்லையா என்பது. காரும் ஆட்களும் சேர்ந்தால் இடைவெளி சுருங்கிவிடும்.

கார் குடும்பத்துடையதுதானா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பிளெஷர் காராக இருக்கலாம், பண்ணையாரின் வண்டியாக இருக்கலாம். ஸ்டூடியோக்களிலும் திருவிழாக் கடைகளிலும் பலகையில் வரைந்த காருக்குப் பின்னால் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். அதில் கம்பெனி தேடிப் பயனில்லை.

ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால், வெளிநாடு என்று முடிவு செய்யுமுன் படம் திருப்பி அச்சடிக்கப்பட்டதா என்று பாருங்கள். முந்தானை பெரும்பாலும் இடது தோளில்தான் விழும், சட்டைப் பை இடப்பக்கம்தான் இருக்கும். இரண்டும் வலப்பக்கம் மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

கைப்பேசியில் படத்தைப் படம் எடுத்தால் போதாது. ஆல்பத்திலிருந்து சேதமின்றி எடுக்க முடிந்தால் எடுத்து, 600 டி.பி.ஐ.க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படம் என்றால் 1200. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் யாரோ கிறுக்கிய தேதியும் அங்கேதான் இருக்கும். ஸ்கேன் செய்த மூலத்தை மெருகூட்டாமல் அப்படியே ஒரு பிரதி வையுங்கள். கீறலை நீக்கும் மென்பொருள் சில சமயம் நம்பர் பிளேட்டின் எழுத்தையும் சேர்த்து நீக்கிவிடும்.

நேரில் ஒப்பிட்டுப் பார்க்கக் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் பழைய கார் அபிமானிகளின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் மட்கார்டின் வளைவை வைத்தே ஆண்டைச் சொல்லும் அனுபவசாலிகள் இத்தகைய வட்டாரங்களில்தான் கிடைப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் படங்களில் பலவற்றில் ஓரத்தில், கதவுப் பிடியில் கை வைத்தபடி, ஒருவர் நிற்பார். அவர் டிரைவர். வண்டியை ஓட்டியவர், துடைத்தவர், நள்ளிரவில் பிரசவத்துக்கு அழைத்துப் போனவர். காரின் கம்பெனியைத் தேடும் நாம் அவர் பெயரைக் கேட்பதில்லை. கார் எந்த மாடல் என்பதைப் பத்து ஆண்டு கழித்தும் கண்டுபிடித்துக்கொள்ளலாம், அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. அவர் பெயர் வீட்டில் ஒரு பெரியவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் போய் உட்காருங்கள். முதலில் ஆட்களின் பெயரைக் கேளுங்கள், டிரைவரின் பெயரையும் சேர்த்து. மெல்லிய பென்சிலால் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். காரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.