ஒரு முறை வந்தால் மறுமுறை வராதா?

ஆறு வருஷத்துக்கு முன் என் மாமியாருக்கு இடது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் ஆபரேஷனும், கரண்ட் வைத்தியமும் ஆகி, நல்லபடியாக உத்திரமேரூர் திரும்பினார்.

இரண்டு வருஷம் ஒழுங்காகச் செக்கப்புக்குப் போனோம். அப்புறம், “நல்லாத்தானே இருக்கேன், நடவு நேரத்துல பஸ் ஏறி அலையணுமா?” என்றார். விட்டுவிட்டோம். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. முந்தானையில் மறுபடி புகையிலையை முடிந்து வைத்திருந்ததைப் பார்த்தும் பாராதது போல் நான் இருந்துவிட்டேன்.

போன வருஷம் ஒரு நாள் ரசம் சாதம் சாப்பிடும்போது, “எரியுதும்மா” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த முறை வலது கன்னத்தில் வெள்ளைத் திட்டு, நடுவில் சின்னப் புண்!

“பழசு பரவிடுச்சு. இனிமே என்னை விட்டுடுங்க” என்று படுத்துவிட்டார்.

“அத்தை, டாக்டர் சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க” என்று வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

சதைப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: “இது பரவினது இல்லேம்மா, புதுசா வந்தது. ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, ஆபரேஷன்லயே சரி பண்ணிடலாம்.”

முதல் நோயின் அணுக்கள் வேறிடத்தில் போய் வளர்ந்தால் அது பரவல். தானாகவே வேறிடத்தில் தோன்றினால், அது இரண்டாவது புற்றுநோய். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. புகையிலைச் சாறு ஒரு கன்னத்தை மட்டுமா நனைக்கிறது? வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம்தான் ஊறுகின்றன. களையைப் பிடுங்கினாலும் மண்ணில் விதை இருக்கிறதல்லவா, அது போலத்தான்! அறிஞர் அண்ணா 1969-ல் மறைந்ததும் உணவுக்குழாய்ப் புற்றுநோயால்தான்.

புகையிலை மட்டுமே காரணமில்லை. ஒரு மார்பில் வந்து குணமானவர்களுக்கு மறு மார்பிலும் வரலாம். அம்மா, சகோதரிக்கு இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சகோதரிகளே! இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், விழுங்கச் சிரமம், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். குணமானவர்கள் செக்கப்பை நிறுத்தாதீர்கள்.

இப்போது அத்தையின் முந்தானை முடிச்சில் பீரோ சாவிதான் இருக்கிறது. அடுத்த செக்கப் தேதியைக் காலண்டரில் அவரே வட்டம் போட்டு வைத்திருக்கிறார்!