குத்தகைக்கு எடுத்த பால்யம்

“ஊர் பற்றி எரியும்போது பொம்மையைப் பத்தி எழுதப் போறீங்களா தோழர்?” இக்கட்டுரை பற்றிச் சொன்னபோது நண்பர் ஒருவர் இப்படித்தான் கேட்டார். அதுவும் அமெரிக்கப் பொம்மை. குழந்தைகள் விளையாடுவதுகூட அல்ல. நாற்பது ஐம்பது வயது ஆண்கள் வாங்கி, உறையைப் பிரிக்காமல் சுவரில் மாட்டிவைக்கும் பொம்மை. அதைத் தயாரித்த நிறுவனம் ‘இனி இல்லை’ என்று கைவிட்டுவிட்டால் அவர்களுக்கு ஏற்படும் ஏமாற்றம் பற்றி நாம் எதற்குக் கவலைப்பட வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் சரக்கு என்பது வெறும் பொருளல்ல, மனித உறவுகளே பொருளின் முகமூடி அணிந்து நடமாடுகின்றன என்று இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் நாம், அந்த முகமூடி ஒரு கணம் நழுவுகிற இடத்தைப் பார்க்காமல் விட முடியாது. சேகரிப்பாளரின் ஏமாற்றம் அப்படியொரு இடம் என்பதே நான் சொல்ல வருவது.

1

ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் வேலை நிமித்தமாகச் சில வருடம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அச்சகத் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு அடியில் இருந்த அறைக்கு என்னை அழைத்துப் போனார். சுவர் முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஓர் அட்டை; அட்டைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் உருவம். எல்லாம் அவருடைய சிறுவயதுச் சினிமாப் பாத்திரங்கள். ஆனால் எதுவும் அந்தக் காலத்தில் செய்ததல்ல. அந்தக் காலத்துப் பொம்மை போலவே இருக்க வேண்டும் என்று அண்மையில் செய்யப்பட்டவை. கடைசி வரிசையில் மூன்று கொக்கிகள் காலி. அவற்றின் கீழே பெயர்கள் மட்டும் அழகாக அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தன.

“இது ஏன் காலியா இருக்கு?”

“வரப்போகுதுன்னு சொன்னாங்க. படம்கூடக் காட்டினாங்க. அப்புறம் மொத்த வரிசையையும் நிறுத்திட்டாங்க.”

எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. இது ஒரு நிறுவனத்தின் குணக்கேடு பற்றிய விஷயமல்ல. சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பெரிய மனுஷன் பொம்மைக்காக வருத்தப்படுவதை இன்னொருவன் பார்த்துவிட்டானே என்கிற கூச்சம் அதில் இருந்தது. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் சிரிப்பு உறுத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அங்கே இருந்தும், அவர் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது அந்த மூன்று காலிக் கொக்கிகளுக்கு முன்னால்தான்.

2

இவ்வகைப் பொம்மைக்கு ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று பெயர். 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ என்ற சிப்பாய்ப் பொம்மையைக் கொண்டுவந்தபோது உருவான பெயர் இது. ‘டால்’ என்று சொன்னால் அது பெண்பிள்ளைகள் சமாசாரம், பையன்களுக்கு வாங்க மாட்டார்கள் என்ற பயம். பொருள் மாறவில்லை, பெயர்தான் மாறியது; பெயர் மாறியதும் பொம்மைக்கு ஆண்மை வந்துவிட்டது.

பெயருக்குப் பண மதிப்பும் உண்டு. முன்பு அமலில் இருந்த அமெரிக்கச் சுங்க விதிகளின்படி, இறக்குமதியாகும் பொம்மை மனித உருவமாக இருந்தால் ‘டால்’, 12 சதவீத வரி. மனிதரல்லாத உருவமானால் ‘டாய்’, 6.8 சதவீதம். ‘எக்ஸ்-மென்’ பொம்மைகளை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், தன் பொம்மைகள் மனிதரைக் குறிப்பவையல்ல என்று வழக்காடியது. 2003இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கதைக்குள்ளே ‘எங்களையும் மனிதராக மதியுங்கள்’ என்று போராடும் பாத்திரங்கள் இவை. கதைக்கு வெளியே, இவை மனிதரல்ல என்று வாதாடியது இவற்றை விற்றுப் பிழைத்த நிறுவனமேதான்.

இனி ‘பழைய பாணி’ என்பதன் கதை. 1970களில் மீகோ என்ற நிறுவனம் 8 அங்குல உயரத்தில், துணி உடுத்திய சாகச வீரர்களை விற்றுவந்தது. உடல் பெரும்பாலும் ஒன்றே. தலையும் உடையும் மாறும். 1976இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பொம்மை உரிமை தேடிவந்தபோது மீகோ வேண்டாமென்றுவிட்டது. சின்சினாட்டியில் இருந்த கென்னர் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1977 மே மாதம் படம் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. ஆனால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகவில்லை. கென்னர் அப்போது என்ன செய்தது தெரியுமா? காலி உறையை விற்றது. உள்ளே ஓர் அட்டையும் ஒரு சீட்டும். சீட்டைப் பூர்த்திசெய்து அனுப்பினால், 1978இல் நான்கு பொம்மைகள் தபாலில் வரும். சரக்கே இல்லாமல் ஆசையை மட்டும் தனியே விற்க முடியும் என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் வேண்டுமா?

அந்தப் பொம்மைகள் 3¾ அங்குலம். அசைவு ஐந்து இடத்தில்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு மூட்டு. குறைந்த பாகம், குறைந்த அச்சு, குறைந்த விலை. 1985 வரை அந்த வரிசை ஓடியது. பிற்பாடு பொம்மைகளுக்கு முழங்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் மடங்க ஆரம்பித்தன. ஆனால் கென்னர் பொம்மையோடு வளர்ந்த பையன்கள் கையில் காசுள்ள ஆண்களானபோது, அந்த ஐந்து அசைவுகளே ‘பாணி’ ஆகிவிட்டன. நேற்றைய சிக்கனம் இன்றைய அழகியலாயிற்று.

2010இல் மேட்டல் நிறுவனம் மீகோ பாணியில் டி.சி. கதை வீரர்களைத் துணி உடுத்திக் கொண்டுவந்து, கொஞ்ச காலத்திலேயே நிறுத்தியது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் சூப்பர்7 நிறுவனம் இன்னும் விசித்திரமான காரியம் செய்தது. 1979இல் ‘ஏலியன்’ படத்துக்காகக் கென்னர் சிறு பொம்மைகளைத் திட்டமிட்டு, வெளியிடாமலே விட்டிருந்தது. கடைக்கு வந்தது 18 அங்குலப் பெரிய பொம்மை மட்டுமே. அந்த வராத பொம்மைகளை, மாதிரிகளின் அடிப்படையில், முப்பத்து நான்கு வருடம் கழித்துச் சூப்பர்7 வெளியிட்டது. அதாவது, யாரும் விளையாடியிராத ஒரு பொம்மையின் ‘நினைவு’ விற்பனைக்கு வந்தது. மூலமில்லாத நகல் என்று போத்ரியார் எழுதியதைப் படித்துத் தலைசுற்றியவர்கள், இந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதும்.

பிறகு ஃபன்கோ நிறுவனம் சூப்பர்7 உடன் சேர்ந்து ‘ரியாக்‌ஷன்’ என்ற பெயரில் இதை விரிவாக்கியது. டெர்மினேட்டர், பேக் டு த ஃப்யூச்சர், பிரிடேட்டர், பல்ப் ஃபிக்‌ஷன் என்று படம் படமாகப் பொம்மைகள் வந்தன. சில வருடங்களிலேயே ஃபன்கோ விலகிக்கொண்டது. சூப்பர்7 தனியாகத் தொடர்ந்தது. பாதியில் நின்றுபோன வரிசைகளை வைத்திருந்தவர்கள், ‘பாதிக் குடும்பத்தோட நிக்கிறோம்’ என்கிற நிலைக்கு ஆளானார்கள்.

3

ஏன் கைவிடுகிறார்கள்? ‘விற்கல, அதான்’ என்பது சரியான பதில், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி ‘லைசென்ஸ்’ என்ற சொல்லில் இருக்கிறது. இதை உரிமம் என்கிறோம். எனக்கென்னவோ குத்தகை என்ற பழைய சொல்லே சரியாகப் படுகிறது.

பாத்திரம் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். நடிகரின் முகச்சாயலைப் பயன்படுத்தப் பல சமயம் நடிகரிடம் தனியே ஒப்புதல் வாங்க வேண்டும். பொம்மை நிறுவனம் குத்தகைதாரர். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை கட்டியாக வேண்டும். அதற்குமேல் விற்றதில் பங்கு. எத்தனை வருடம், எந்த நாட்டில், எந்த வடிவத்தில் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்கும். வடிவம் என்பது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. ‘ஸ்டார் வார்ஸ்’ ஆக்‌ஷன் ஃபிகர் உரிமை, கென்னரைப் பின்னாளில் விழுங்கிய ஹாஸ்ப்ரோவிடம் இருப்பதால், ஃபன்கோவின் ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகள் தலையாட்டிப் பொம்மைகளாகவே வந்தன. ஸ்பிரிங் வைத்த கழுத்து அங்கே ஒரு சட்ட வாசகம்.

இதோடு அச்சுச் செலவு. உருக்கிய பிளாஸ்டிக்கைப் பாய்ச்சும் எஃகு அச்சு விலை அதிகம். ஆயிரம் பொம்மை செய்தாலும் லட்சம் செய்தாலும் அச்சுக்கு ஆகும் செலவு ஒன்றுதான். சில ஆயிரம் சேகரிப்பாளர்களுக்காக ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புது அச்சு என்றால் கணக்கு உதைக்கும். ஃபன்கோவிடம் இதற்கு மாற்று இருந்தது: 2010இல் அறிமுகமான ‘பாப்’. பெரிய தலை, கறுப்புப் பொத்தான் கண், பெரும்பாலும் வாயே கிடையாது. எல்லாப் பாத்திரமும் ஒரே முகம். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு சாயல் தேடிக்கொண்டிருந்த ‘ரியாக்‌ஷன்’, எல்லாவற்றையும் ஒரே சாயலாக்கிய ‘பாப்’ முன்னால் எப்படி நிற்கும்? மூலதனத்துக்கு வேறுபாடு வேண்டும்தான். ஆனால் மலிவாக உற்பத்தி செய்யக்கூடிய வேறுபாடு.

ஆக, ஸ்டூடியோ நிலக்காரர், பொம்மை நிறுவனம் குத்தகைதாரர் என்றால் சேகரிப்பாளர் யார்? உள்குத்தகைக்காரர். குத்தகை முறிந்தால் அவருக்கு யாரும் தகவல் சொல்ல வேண்டியதில்லை. தன் பால்யம் தன்னுடையது என்று நம்பியிருந்தவருக்கு, அதற்குப் பத்திரம் வேறொருவர் பெயரில் இருப்பது அந்தக் காலிக் கொக்கியில்தான் தெரிகிறது.

4

இங்கே சேகரிப்பாளரை வெறும் பலியாளாகக் காட்டிவிடக் கூடாது. பிளாஸ்டிக் குமிழைப் பிரித்தால் பொம்மையின் சந்தை விலை விழுந்துவிடும். விளையாடலாம், ஆனால் விலை போகும். விலை வேண்டுமென்றால் விளையாடக் கூடாது. பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்று நாம் வகுப்பெடுப்பதை இவ்வளவு கறாராகச் செய்துகாட்டும் பொருள் வேறொன்றை நான் பார்த்ததில்லை: இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய குமிழ். பக்கத்து வீட்டுக்காரர் பத்து வயதில் தன் பொம்மைகளை மண்ணில் புதைத்திருக்கிறார், கடித்திருக்கிறார், தெருப் பையன்களிடம் மாற்றியிருக்கிறார். ஐம்பது வயதில் தொடவே இல்லை. அந்த நினைவை மீட்கும் முயற்சியே அந்தத் தொடுதலைத் தடுத்துவிடுகிறது.

அவர்களுடைய கோபமும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. ‘நிறுவனம் எங்களை ஏமாத்திடுச்சு’ என்பார்கள். ‘வேற நிறுவனம் எடுத்து நடத்தணும்’ என்பார்கள். குத்தகைதாரர் மாற வேண்டும் என்பதே கோரிக்கை. குத்தகை ஒழிய வேண்டும் என்பதல்ல. பொம்மையை யார் செய்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

அக்கேள்விக்கு ஒரு பதில் 1993இல் கிடைத்தது. அந்த ஆண்டு மே 10 அன்று தாய்லாந்தில், பாங்காக்குக்கு அருகே, கேடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பிடித்து 188 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். கட்டடத்தின் இரும்புச் சட்டங்கள் சூட்டில் நெகிழ, கட்டடமே சரிந்தது. அங்கே செய்யப்பட்டவை மேலைநாட்டுக் கடைகளுக்குப் போகும் பொம்மைகள். அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் இன்னொரு பொம்மைத் தொழிற்சாலைத் தீ. 80க்கும் மேற்பட்டோர் பலி. அட்டையின் பின்பக்கம் ‘தயாரிப்பு: சீனா’ என்று ஒரு வரி இருக்கும். சேகரிப்பாளர்கள் அட்டையின் மூலை மடங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அந்த வரி அவர்கள் கண்ணில் படும், மனதில் தங்காது.

மறுமுனையில் இன்னொரு காட்சி. 2023 மார்ச்சில் ஃபன்கோ, 3 கோடி முதல் 3 கோடியே 60 லட்சம் டாலர் வரை மதிப்புள்ள இருப்பை ஒழித்துவிடப் போவதாக அறிவித்தது. கிடங்கில் வைத்திருக்கும் செலவைவிட அழிப்பது லாபம். ஒரு பக்கம் வராத மூன்று பொம்மைகளுக்காகக் காத்திருக்கும் கொக்கிகள்; இன்னொரு பக்கம் மண்ணுக்குள் போகவிருக்கும் பொம்மை மலை. சந்தை, தேவையை நிறைவேற்றுகிறது என்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

5

நான் ஊர் திரும்புவதற்குக் கொஞ்சநாள் முன் அவர் மறுபடி கூப்பிட்டார். மூன்று கொக்கிகளில் ஒன்றில் அட்டை தொங்கியது. பழைய பொம்மை ஒன்றின் உடல், களிமண்ணில் தானே பிடித்து வார்த்த தலை, கையால் தீட்டிய வண்ணம். அட்டையை அச்சகத்தில் வேலை முடிந்த பிறகு அடித்திருக்கிறார். மூக்கு கொஞ்சம் கோணல்.

“இதை யாரும் நிறுத்த முடியாதில்ல?” என்றார்.

இதை விடுதலை என்று நான் கொண்டாடப் போவதில்லை. பாத்திரம் இன்னமும் ஸ்டூடியோவுடையது. விற்கப் போனால் வக்கீல் நோட்டீஸ் வரும். தாய்லாந்துப் பெண்களைப் பற்றி அந்தக் கோணல் மூக்கு எதுவும் பேசவில்லை. ஆனால் செய்து பார்த்ததில் அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. “ஒரு தலைக்கு மூணு வாரம் ஆச்சு. அவங்க ஒரு நாளைக்கு எத்தனை தலைக்குப் பெயின்ட் அடிப்பாங்க?” என்று தானாகவே கேட்டார். அத்தனை வருடச் சேகரிப்பில் எழாத கேள்வி, ஒரு பொம்மையைச் செய்த மூன்று வாரத்தில் எழுந்துவிட்டது.

பொம்மையைப் பத்தி எழுதப் போறீங்களா என்று கேட்ட தோழருக்கு என் பதில் இதுதான்: அந்தக் கேள்விக்காகத்தான் எழுதினேன்.