சக மாணவர் பேச்சு மதிப்பீடு

சக மாணவர் பேச்சு மதிப்பீடு என்பது, கேட்போரை ஒரு கருத்துக்கு இணங்கவைக்கும் நோக்கில் ஒரு மாணவர் வகுப்பில் பேசிய பின், உடன் பயில்வோர் அப்பேச்சின் நிறைகுறைகளை எடுத்துக் கூறும் கற்றல் முறையாகும். பேச்சுப் போட்டியின் நடுவர் பரிசுக்குரியவரைத் தேர்ந்தெடுக்கிறார். சக மாணவரின் பணி அதுவன்று. பேச்சாளர் அடுத்த முறை சிறப்பாகப் பேச உதவுவதே அவரது பணி.

பின்னணி

உடன் பயில்வோரிடமிருந்து கற்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், ஆசிரியரிடம் கேட்பதால் மட்டும் கல்வி நிறைவடையாது என்றும், உடன் பயில்வோருடன் பழகுவதால் அதில் கால் பங்கு கிடைக்கும் என்றும் கூறுகிறது. திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் பேச்சுக்கலை பற்றியவை. 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களிலும் ஓர் உறுப்பினரின் பேச்சை மற்றோர் உறுப்பினரே மதிப்பிடுகிறார்.

தர்மபுரியும் பேச்சும்

தர்மபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூற்றின் 95-ஆம் பாடல் காட்டுகிறது. தொண்டைமானின் படைக்கருவிகள் அணி செய்யப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவலில் இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போன்ற அச்சொற்களில் எச்சரிக்கை அடங்கியுள்ளது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, ஆற்றிய சொற்பொழிவுகளுக்காக 1908-இல் கைதாகிச் சிறை சென்றவர். அவர் 1925-இல் இம்மாவட்டத்தின் பாப்பாரப்பட்டியில் காலமானார். வகுப்புத் தோழரின் பேச்சை மதிப்பிடும் முன், ஔவையாரின் தூது போன்ற ஒன்றை எடுத்து, அது யாரை நோக்கியது, எதனால் பலித்திருக்கும் என ஆராய்வது நல்ல பயிற்சியாகும்.

கவனிக்க வேண்டியவை

1. கருத்து: பேச்சாளர் கேட்போரிடம் எதை வேண்டுகிறார் என்பது தெளிவாக உள்ளதா?
2. சான்று: கூறும் காரணங்களுக்கு ஆதாரம் உண்டா?
3. மறுப்பு: எதிர்த்தரப்பின் வலுவான கேள்விக்குப் பதில் உண்டா?
4. உணர்வு: உருக்கம் காரணத்துக்குத் துணை நிற்கிறதா, அல்லது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா?
5. வெளிப்பாடு: குரல், வேகம், பார்வை ஆகியவை கடைசி வரிசைக்கும் எட்டுகின்றனவா?

எடுத்துக்காட்டு

குழந்தைத் திருமணத்திற்கு எதிராக ஒரு மாணவி பேசுகிறார் எனக் கொள்ளலாம். ‘நல்லா இருந்தது’ என்பது பாராட்டு. ‘சரியில்லை’ என்பது தீர்ப்பு. இரண்டாலும் அவருக்குப் பயனில்லை. ‘2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது நிரம்ப வேண்டும் என்று நீ சொன்னது தெளிவாக இருந்தது. ஆனால், மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருக்கிறது, மகளைத் தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது என்று சொல்லும் தாய்க்கு உன் பேச்சில் பதில் இல்லை. அதையும் சேர்த்தால் அவர் கேட்பார்’ என்பதே பயனுள்ள மதிப்பீடு. இதில் நிறை, குறை, திருத்தும் வழி ஆகிய மூன்றும் உள்ளன.

இத்தகைய தலைப்பில் வகுப்பறையில் இருப்போர் பெரும்பாலும் முன்பே உடன்படுபவர்கள். எனவே கைதட்டலை வைத்துப் பேச்சின் வெற்றியை அளக்க இயலாது. மதிப்பிடுபவர், உடன்படாத ஒரு பெற்றோரின் இடத்தில் தம்மை வைத்துக் கேட்க வேண்டும். அந்தப் பெற்றோர் மனம் மாறினால்தான் ஒரு மாணவியின் படிப்பு தொடரும்.

தவிர்க்க வேண்டியவை

பேச்சாளரின் கருத்து பிடிக்காததால் பேச்சைக் குறைத்து மதிப்பிடுவதும், நண்பர் என்பதால் குறைகளை மறைப்பதும் தவறு. வட்டார வழக்கு, தோற்றம், குடும்பச் சூழல் ஆகியவை மதிப்பீட்டுக்கு உரியவை அல்ல. வட்டார வழக்கில் பேசினாலும் பொருள் விளங்கினால் அது குறையாகாது. ஊர் மக்களிடம் பேசும்போது அதுவே வலிமையாகலாம். திக்கல், நடுக்கம் போன்றவற்றைப் பலர் முன் சுட்டாமல் தனியே கூறுவது நல்லது. ஒரே நேரத்தில் பத்துக் குறைகளை அடுக்குவதைவிட, திருத்தக்கூடிய ஒன்றிரண்டைக் கூறுவதே பயன் தரும்.

கேட்பவரின் பங்கு

மதிப்பீட்டைப் பெறும் மாணவர் உடனே மறுத்துப் பேசாமல் குறித்துக்கொள்வது நல்லது. பலர் ஒரே குறையைச் சொன்னால் அதனை முதலில் திருத்தலாம். கருத்துகள் முரண்பட்டால், எதை ஏற்பது என்பதைப் பேச்சாளரே முடிவு செய்கிறார்.