வேலைநீக்கம்: முடிவுக்கு முன்பே பேச வேண்டும் என்பது ஏன்?

பிரிட்டனில் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் என்ற கப்பல் நிறுவனம், 2022ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி, முன்னதாகவே பதிவு செய்யப்பட்ட வீடியோ செய்தி ஒன்றின் மூலம் சுமார் 800 கப்பல் பணியாளர்களை வேலையிலிருந்து நீக்கியது. அவர்களது இடத்துக்குக் குறைந்த ஊதியத்தில் முகவர் நிறுவனங்கள் வழியாக ஆட்கள் அமர்த்தப்பட்டனர்.

ஒரு வாரம் கழித்து நாடாளுமன்றக் குழு முன்பாகத் தோன்றிய அதன் தலைமை நிர்வாகி பீட்டர் ஹெபிள்த்வெயிட், தொழிற்சங்கங்களுடன் கலந்தாலோசிக்கும் சட்டக் கடப்பாடு இருந்தும் அதைச் செய்வதில்லை எனத் தாங்கள் முடிவெடுத்ததாக ஒப்புக்கொண்டார். எந்தத் தொழிற்சங்கமும் அத்திட்டத்தை ஏற்றிருக்காது என்பது அவர் கூறிய காரணம்.

நீக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. குற்றவியல் வழக்கு எதுவும் தொடரப்படமாட்டாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. சட்டத்தை மீறுவதற்கான விலையை நிறுவனம் கணக்கிட்டுச் செலுத்திவிட்டது என்று விமர்சகர்கள் கூறினர். அந்த விமர்சனத்தை மறுப்பது கடினம்.

"பேசியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது" என்ற இந்த வாதம் பிரிட்டிஷ் நீதிமன்றங்களுக்குப் புதியதல்ல. 1982இல் போல்கி என்ற வேன் ஓட்டுநர், முன்னறிவிப்பு ஏதுமின்றி அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டு, ஆட்குறைப்புக் கடிதம் கையளிக்கப்பட்டு, உடனே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கலந்தாலோசித்திருந்தாலும் அவர் வேலையிழந்திருப்பார் என்பதைக் காரணம் காட்டிக் கீழ் நிலைகளில் அவரது முறையீடு நிராகரிக்கப்பட்டது.

அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை, 1987இல் அக்கருத்தை ஏற்க மறுத்தது. நீக்கிய வேளையில் முதலாளி நியாயமாக நடந்துகொண்டாரா என்பதே கேள்வி. பின்னர் யோசித்துப் பார்த்து, எப்படியும் இதுதான் நடந்திருக்கும் என்று சொல்வது பதிலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கலந்தாலோசனை முற்றிலும் பயனற்றது என்று அந்த வேளையிலேயே முதலாளி நியாயமாகக் கருதக்கூடிய அபூர்வமான நிலை மட்டுமே விதிவிலக்கு. எப்படியும் வேலை போயிருக்கும் எனத் தெரிந்தால், இழப்பீட்டுத் தொகையைத் தீர்ப்பாயம் குறைக்கலாம். ஆனால் நீக்கம் நியாயமற்றது என்ற முடிவு அதனால் மாறாது.

இன்றைய நடைமுறை இந்தத் தீர்ப்பின் மீதே நிற்கிறது. ஆட்குறைப்பு வரக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். யாரை நீக்குவது என்பதற்கான அளவுகோல் நியாயமானதாக இருக்க வேண்டும்; அதில் தமக்குக் கிடைத்த மதிப்பெண்ணை ஊழியர் கேள்வி கேட்கவும் வாய்ப்பு வேண்டும். மாற்றுப் பணி உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரே பணியிடத்தில் 90 நாட்களுக்குள் 20 பேர் முதல் 99 பேர் வரை நீக்கப்படவிருந்தால், முதல் நீக்கத்துக்குக் குறைந்தது 30 நாட்கள் முன்பே ஊழியர் பிரதிநிதிகளுடன் பேச்சு தொடங்க வேண்டும். 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் என்றால் 45 நாட்கள். 2013 வரை இது 90 நாட்களாக இருந்தது.

பிரிட்டனில் தமிழர்கள் நடத்தும் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கு ஊழியர் பல வேளைகளில் உறவினர் அல்லது ஊரவர். முகத்தாட்சண்யம் காரணமாக நேரே சொல்லத் தயங்கும் உரிமையாளர், வேலை நேரத்தை வாரத்துக்கு வாரம் குறைத்து, அவராகவே விலகட்டும் என்று காத்திருப்பதுண்டு. இதை இரக்கம் என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தை மீறி இவ்வாறு செய்யப்பட்டு ஊழியர் விலக நேர்ந்தால், அவர் தாமாக விலகியதையே நீக்கமாகச் சட்டம் கருதக்கூடும்.

தொழிலகம் சிறியது என்பதைத் தீர்ப்பாயம் கருத்தில் கொள்ளும். பேசாமலே இருந்துவிட அது அனுமதியல்ல. இரண்டு சந்திப்புகளுக்குப் பெரிய நிர்வாகத் துறை தேவையில்லை: அந்த வேலை நீடிப்பது சந்தேகம் என்று சொல்ல ஒன்று, சில நாட்கள் கழித்து, அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க மற்றொன்று. அந்த இடைவெளியில்தான் "சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறேன்" என்றோ, "இரவு நேர வேலையை நான் பார்க்கிறேன்" என்றோ உரிமையாளர் யோசித்திராத ஒரு வழியுடன் ஊழியர் திரும்பி வரக்கூடும்.